பேர்ல சித்தூர், திரையில தியாகராஜர், கடைசியில வெறுங்கை: யார் இந்த நாகையா?

சென்னை தி.நகர் பனகல் பூங்கா பக்கம் போகிற பலருக்கும் அங்கே ஒரு நடிகரின் சிலை இருப்பது தெரியாது. பெயரைப் பார்த்தாலும் 'யாரு இவரு?' என்று கேட்பவர்கள்தான் அதிகம். அவர் சித்தூர் வி. நாகையா. எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' படத்தில் ராணாவாக வந்தவர் என்றால் உங்கள் தாத்தா பாட்டிக்கு உடனே முகம் ஞாபகம் வரும்.

1940களில் தென்னிந்திய சினிமாவின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். நடிப்பார், தன் குரலிலேயே பாடுவார், இசையமைப்பார், இயக்குவார், படமும் தயாரிப்பார். பக்திப் பாட்டை மேடையிலிருந்து திரைக்குக் கொண்டுவந்து வெகுஜன ரசனையாக மாற்றியவர்களில் முக்கியமானவர். 1965ல் பத்மஸ்ரீ. 1973ல் இறந்தபோது கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? தொகுத்துப் பார்ப்போம்.

சித்தூர் அவரது சொந்த ஊரா?

இல்லை. பிறந்தது குண்டூர் பக்கம் ரேபல்லேவில், 1904 மார்ச் 28 அன்று. சித்தூர் அவர் வளர்ந்து பெயர் எடுத்த ஊர். சீர்காழி, குன்னக்குடி மாதிரி ஊர்ப்பெயரோடு வரும் கலைஞர்களைத் தமிழில் நிறைய பார்த்திருப்போம். அவர்களுக்கு அது பெரும்பாலும் பிறந்த ஊராக இருக்கும். நாகையாவுக்கு அது மேடை தந்த ஊர்.

இங்கே கொஞ்சம் வரைபடம் தேவை. இன்றைக்கு சித்தூர் என்றால் ஆந்திரா, அவ்வளவுதான். ஆனால் நாகையா வளர்ந்த காலத்தில் அது மெட்ராஸ் மாகாணம். வட ஆற்காடு, கடப்பா, நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பிரித்து 1911ல்தான் சித்தூர் மாவட்டமே உருவானது. 1953ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்தப் பக்கம் போனது. எல்லைச் சிக்கல் அதோடு முடியவில்லை. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது.

வேலூரிலிருந்து சித்தூர் சுமார் 35 கிலோமீட்டர்தான். கடைவீதியில் இரண்டு மொழியும் கேட்கும். இந்த ஊரில் வளர்ந்த ஒருவர் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சமயத்தில் நட்சத்திரம் ஆனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 'இரு மொழி நடிகர்' என்று நாம் இப்போது வைக்கும் லேபிள் அந்த ஊர்க்காரர்களுக்குத் தினசரி வாழ்க்கை.

திருப்பதி தேவஸ்தானத்தின் உதவித்தொகையில் படித்தார், அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தார், பிறகு 'ஆந்திர பத்திரிகா'வில் பத்திரிகையாளராக இருந்தார் என்கின்றன அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள். நடுவே சித்தூரின் ராமவிலாச சபா நாடகங்கள். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடினால்தான் அந்தக் காலத்தில் நாடக நடிகர். அவருடைய உண்மையான பயிற்சிக் கூடம் அதுதான்.

சினிமாவுக்கு எப்போது வந்தார்?

34 வயதில். இன்றைய கணக்கில் லேட் என்ட்ரி. 1938ல் எச்.எம். ரெட்டி இயக்கிய 'கிருஹலட்சுமி' தெலுங்குப் படம். அடுத்த வருடமே பி.என். ரெட்டி தொடங்கிய வாஹினி நிறுவனத்தின் முதல் படம் 'வந்தே மாதரம்'. அதில் நாகையா கதாநாயகன் மட்டுமல்ல, இசையமைப்பாளரும் அவரே.

அவரது ஆரம்பகாலப் படங்களை வயதோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். 1940ல் 'சுமங்கலி'. விதவை மறுமணம் பேசிய அந்தப் படத்தில் 36 வயது நாகையா போட்டது முதியவர் வேடம். 1941ல் தமிழில் 'அசோக் குமார்'. எம்.கே. தியாகராஜ பாகவதர் குணாளனாக நடிக்க, அவருக்கு அப்பாவாக, அசோகச் சக்கரவர்த்தியாக நாகையா வந்தார். பாகவதர் பிறந்தது 1910ல். அதாவது 'அப்பா'வுக்கும் 'மகனு'க்கும் வயது வித்தியாசம் ஆறு வருடம்தான்!

அழகான இளம் கதாநாயகன் என்ற இடத்துக்கு அவர் போட்டியிடவே இல்லை. முகத்தில் ஒரு கனிவு, குரலில் ஒரு தழுதழுப்பு, எந்த வயதையும் தாங்கும் நிதானம். ஹாலிவுட்டில் விதவிதமான வரலாற்று மனிதர்களாக வேடம் போட்ட பால் முனியோடு ஒப்பிட்டு அவரை 'இந்தியாவின் பால் முனி' என்று அழைத்தது இதனால்தான்.

பக்திப் படங்கள்: ஐந்தாண்டில் நான்கு அடி

நாகையாவின் உச்சகாலம் மிகக் குறுகியது. 1943 முதல் 1947 வரை என்று சொல்லலாம். அதற்குள் இவ்வளவு:

- 1943: 'பக்த போதனா'. கே.வி. ரெட்டியின் முதல் படம். வாஹினியில் கணக்கு வழக்கு பார்த்துக்கொண்டிருந்தவர் இயக்குநரான படம் இது.
- 1945: தமிழில் 'மீரா'. இயக்கம் எல்லிஸ் ஆர். டங்கன். எம்.எஸ்.ஸுக்கு எதிரே ராணா வேடம்.
- 1946: 'தியாகய்யா'. தயாரிப்பு, இயக்கம், இசை, நடிப்பு நான்கும் நாகையா.
- 1947: 'யோகி வேமனா'. மீண்டும் கே.வி. ரெட்டி இயக்கம்.

நடுவில் 1945ல் 'ஸ்வர்க்க சீமா' என்ற சமூகப் படமும் உண்டு. பி.என். ரெட்டி இயக்கம், ஜோடி பானுமதி. பின்னாளில் தெலுங்கின் குரலாகவே ஆன கண்டசாலா பின்னணி பாடத் தொடங்கியது இந்தப் படத்தில்தான். இதன் இசையிலும் நாகையாவின் கை இருந்தது.

அதற்கு முன்பே, 1943ல், நாகையா தன் ரேணுகா பிலிம்ஸ் மூலம் தயாரித்த 'பாக்யலட்சுமி' வந்துவிட்டது. தெலுங்கில் முதல் பின்னணிப் பாட்டு இடம்பெற்றதாகச் சொல்லப்படும் படம் அது. பாடியவர் ஆர். பாலசரஸ்வதி தேவி. இந்த இரண்டு தகவலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, மேலே சொன்ன பட்டியலில் அவர் நாயகனாக நடித்த மூன்று மகான்களுக்கும் பொதுவானது என்ன? பக்தி என்று சொல்லிவிடலாம். ஆனால் கதைகளை அருகருகே வைத்தால் இன்னொன்று கிடைக்கிறது: மூன்றுமே பணத்தைப் பற்றிய கதைகள்.

பாகவதத்தைத் தெலுங்கில் பாடிய போதனா, அதை அரசனுக்குச் சமர்ப்பிக்க மறுத்து ஏர் ஓட்டிப் பிழைத்தார் என்பது மரபு. தஞ்சை அரசவை அழைத்தும் தியாகராஜர் போகவில்லை, திருவையாற்றில் உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார். வேமனா சுகபோகத்தில் திளைத்து, பிறகு உடுத்திய துணியையும் துறந்தவராகச் சொல்லப்படுபவர்.

கூடவே 1950ல் தமிழில் வந்த 'ஏழை படும் பாடு'. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தார். கோவை பட்சிராஜா ஸ்டுடியோ படமாக்க, கே. ராம்நாத் இயக்கினார். திருடனாகச் சிறை சென்று, திருந்தி, தன்னிடம் இருப்பதையெல்லாம் பிறருக்குத் தரும் கந்தன் வேடத்தில் நாகையா. அவரைத் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை 'ஜாவர்' சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஜாவர் சீதாராமனுக்கு வேடத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. நாகையாவுக்கு வேடத்தின் குணமே ஒட்டிக்கொண்டது என்று அவரோடு பழகியவர்கள் சொல்வார்கள்.

அந்தப் பாட்டில் அப்படி என்ன ஸ்பெஷல்?

நாகையாவின் குரல் கச்சேரிக் குரல் இல்லை. பாகவதர் மாதிரி உச்சஸ்தாயியில் நின்று வியக்க வைப்பவரும் இல்லை. நடுத்தர ஸ்தாயி, மெதுவான காலம், வார்த்தை தெளிவாகக் கேட்கும் உச்சரிப்பு. பாட்டு பேச்சிலிருந்து கிளம்பும், மறுபடி பேச்சிலேயே வந்து இறங்கும். ஒரு மனிதன் கடவுளிடம் தனியாகப் புலம்புவதை நாம் ஒளிந்திருந்து கேட்பதுபோல இருக்கும்.

சபாவுக்குப் போகாத, டிக்கெட் வாங்க முடியாத, பல இடங்களில் உள்ளேயே விடப்படாத மக்களும் தியாகராஜர் கீர்த்தனைகளைத் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். சினிமா செய்த வேலை அது. பக்தி இசைக்கு அது ஒரு விநியோகப் புரட்சி.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் இதே மாதிரி ஒன்று நடந்தது. தேவாலயங்களுக்குள் இருந்த கருப்பின மக்களின் கோஸ்பல் இசையை வெளியே கொண்டுவந்தவர்களில் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் முக்கியமானவர். எலெக்ட்ரிக் கிட்டாரோடு பக்திப் பாட்டை இரவு விடுதி மேடைகளிலும் பாடினார். 'சாமி பாட்டை அங்கே போய்ப் பாடலாமா?' என்று சொந்தச் சபையினரே முகம் சுளித்தார்கள். சாம் குக், அரீதா ஃபிராங்க்ளின் என்று பின்னால் வந்த சோல் பாடகர்கள் நடந்த பாதை, இவரைப் போன்றவர்கள் போட்டது.

இரண்டு பேரின் தேதிகளையும் பாருங்கள். தார்ப்பின் முதல் இசைத்தட்டுகள் 1938ல். நாகையாவின் முதல் படமும் 1938ல். தார்ப் இறந்தது 1973 அக்டோபர் 9. நாகையா இறந்தது 1973 டிசம்பர் 30. இதில் விதி, ஜோசியம் எதுவும் இல்லை. தற்செயல்தான். ஆனால் முடிவும் ஒரே மாதிரி இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் தார்ப் புதைக்கப்பட்ட இடத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் பெயர்க்கல்கூட இல்லை. 2008ல் ஒரு கச்சேரி நடத்திப் பணம் திரட்டிய பிறகே கல் வைத்தார்கள்.

பிறகு எங்கே சறுக்கியது?

'வாரி வாரிக் கொடுத்தார், அதனால ஏழையானார்.' நாகையா பற்றி எல்லோரும் சொல்லும் ஒற்றை வரி இது. அதில் உண்மை இருக்கிறது. அவர் வீட்டில் எந்நேரமும் பந்தி நடந்தது, கேட்டவருக்கு இல்லை என்று சொன்னதில்லை என்று அவரது சமகாலத்தவர்கள் பலரும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆனால் தர்மம் மட்டும் ஒருவரை வீழ்த்துவதில்லை. குறைந்தது மூன்று காரணங்கள் சேர்ந்தே வேலை செய்தன.

முதலாவது, ரசனை மாறியது. 1951ல் 'பாதாள பைரவி' வந்தது. இயக்கியவர் நாகையாவைப் போதனாவாகவும் வேமனாவாகவும் காட்டிய அதே கே.வி. ரெட்டிதான். ஹீரோ என்.டி. ராமாராவ். அடுத்த வருடம் தமிழில் 'பராசக்தி'. ஒரு பக்கம் மாயாஜால சாகசம், இன்னொரு பக்கம் கோயிலையே கேள்வி கேட்கும் வசனம். கண்மூடிப் பாடும் பக்தருக்கு இரண்டு சந்தையிலும் நடுநாயக இடம் குறைந்தது.

இரண்டாவது, தொழில்நுட்பம் மாறியது. நடிகரே பாட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தவரை நாகையாவுக்கு அது பெரிய பலம். பின்னணிப் பாட்டு வந்ததும் அந்தப் பலம் சாதாரணமாகிவிட்டது. 'பாக்யலட்சுமி', 'ஸ்வர்க்க சீமா' ஞாபகம் இருக்கிறதா? அந்த மாற்றத்துக்குக் கதவு திறந்தவர்களில் அவரும் ஒருவர். 1966ல் வந்த 'ராமு' படத்தில் 'கண்ணன் வந்தான்' பாட்டைப் பாருங்கள். திரையில் நாகையா வாயசைக்கிறார். குரல் சீர்காழி கோவிந்தராஜனுடையது.

மூன்றாவது, சொந்தத் தயாரிப்பு. இதுதான் பெரிய அடி. அன்றைய மெட்ராஸில் படம் எடுப்பது எப்படி? விநியோகஸ்தரிடம் முன்பணம், ஃபைனான்சியரிடம் வட்டிக்குக் கடன். படம் சீக்கிரம் முடிந்தால் பிழைத்தீர்கள். இழுத்தால், படம் ஓடுகிறதோ இல்லையோ, வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நஷ்டம் வந்தால் கம்பெனி கணக்கு, வீட்டுக் கணக்கு என்ற பிரிவெல்லாம் கிடையாது. வீடு, கார், நிலம் எல்லாம் அதே கடனுக்குள் போகும்.

1953ல் 'நா இல்லு' என்று தெலுங்கிலும் 'என் வீடு' என்று தமிழிலும் ஒரே சமயத்தில் எடுத்தார். பிறகு கையில் எடுத்தது, கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டது, 'ராமதாசு'.

'ராமதாசு': அறுபது வயதில் ஒரு சூதாட்டம்

கஞ்செர்ல கோபண்ணா கதை தெரியும்தானே? 17ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா அரசின் கீழ் பத்ராசலம் பகுதியில் வரி வசூலித்த தாசில்தார். வசூல் பணத்தை எடுத்து ராமருக்குக் கோயில் கட்டிவிட்டார். அதற்காகத் தானீஷா அவரைச் சிறையில் தள்ளினார். சிறையிலிருந்து ராமரிடம் கெஞ்சியும் திட்டியும் பாடிய கீர்த்தனைகள்தான் அவரை பக்த ராமதாசர் ஆக்கின. திருப்பிக் கட்ட முடியாத கணக்கில் சிக்கிய ஒரு மனிதரின் பாட்டுகள் அவை.

இந்தக் கதையைத் தானே தயாரித்து, தானே இயக்கி, தானே நடித்தார் நாகையா. வேலை பல வருடம் இழுத்தது. 1964ல் படம் வெளிவந்தபோது அவருக்கு 60 வயது. கபீர் வேடத்தில் வந்த கும்மடிக்கு முகமது ரஃபியைப் பாட வைக்கும் அளவுக்கு ஆசைப்பட்டு எடுத்த படம். ஆனால் 1946ல் 'தியாகய்யா'வுக்குக் கிடைத்த வரவேற்பு இதற்குக் கிடைக்கவில்லை. போட்ட பணம் திரும்பவில்லை.

கணக்கு பார்த்து மட்டும் யோசித்தால் இது தவறான முடிவு. சந்தை போய்விட்டது, வயதும் ஆகிவிட்டது, கடனும் இருக்கிறது. இன்று ஒரு ஸ்டார்ட்-அப் ஆலோசகர் 'வேண்டாம், நிறுத்துங்க' என்றுதான் சொல்வார். நாகையா நிறுத்தவில்லை. அவரைப் பொறுத்தவரை போதனா, தியாகராஜர், வேமனா வரிசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் விட அவருக்கு மனசில்லை. இதைப் பிடிவாதம் என்றும் சொல்லலாம், பக்தி என்றும் சொல்லலாம்.

அடுத்த வருடம், 1965ல், பத்மஸ்ரீ வந்தது. சிவாஜி கணேசனுக்கு அந்த விருது கிடைப்பதற்கு ஒரு வருடம் முன்பே. விருதோடு பென்ஷன் வராது. அதனால் கடைசிவரை சின்னச் சின்ன வேடங்கள். 'சம்பூர்ண ராமாயணம்' தசரதன், 'லவகுசா' வால்மீகி மாதிரி கனமான வேடங்களுக்கெல்லாம் பிறகு, நல்ல அப்பா, நல்ல சாமியார், நல்ல பெரியவர் என்று ஓரிரு காட்சிகள். ஒரு காலத்தில் தன்னைச் சுற்றியே செட் போட்ட ஸ்டுடியோக்களுக்கு நாள் கணக்குக்கு வந்துபோனார். 69 வயதில் சென்னையில் காலமானார்.

இன்றாக இருந்தால் நிலைமை மாறியிருக்குமா?

கொஞ்சம் மாறியிருக்கும். ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

நாகையா காலத்தில் இசையமைப்பாளருக்கு ஒருமுறை சம்பளம், அதோடு கணக்கு முடிந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டமும் பெரும்பாலும் தயாரிப்பாளர் பக்கமே இருந்தது. 1977ல் உச்ச நீதிமன்றமும் படத்துக்காக அமைத்த இசையின் உரிமை பொதுவாகத் தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பளித்தது. 2012ல் வந்த சட்டத்திருத்தம்தான் இதை மாற்றியது. தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அந்த உரிமையை எழுதி வாங்கவும் முடியாது என்று சொன்னது. நாகையா இறந்து 39 வருடம் கழித்து.

ஆனால் சொந்தப் பணத்தைப் போட்டுப் படம் எடுத்து வரும் நஷ்டத்தை எந்த ராயல்டி சட்டமும் தடுக்காது. அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

கூட நடித்த எம்.எஸ்.ஸும் பணக் கஷ்டத்திலிருந்து தப்பவில்லை. 1970களின் கடைசியில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அவரைப் பாட வைத்து 'பாலாஜி பஞ்சரத்னமாலா' இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்துக்கு எம்.எஸ். குடும்பத்தின் நெருக்கடியும் ஒரு காரணம் என்று அப்போதைய நிர்வாக அதிகாரி பி.வி.ஆர்.கே. பிரசாத் பின்னாளில் எழுதியிருக்கிறார். கேட்காமலே உதவி போய்ச் சேர ஒரு நிறுவனம் வழி கண்டுபிடித்தது. நாகையாவுக்கு அப்படி ஒரு ஏற்பாடு உரிய நேரத்தில் அமையவில்லை.

இன்று திருப்பதி நகரத்தில் எம்.எஸ்.ஸுக்குச் சிலை இருக்கிறது. அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, சித்தூரில், நாகையா கலாக்ஷேத்திரம் என்ற அரங்கம் இருக்கிறது. மீராவும் ராணாவும் ஒரே சாலையின் இரண்டு முனையில்.

அவர் விட்டுப்போனது என்ன?

ஒரு ஃபார்முலா. பக்தர் கவிஞர் ஒருவரின் வாழ்க்கையை, அவரது பாட்டுகளையே கதையின் முதுகெலும்பாக வைத்துச் சொல்வது. 1981ல் பாபு மறுபடி 'தியாகய்யா' எடுத்தார், சோமயாஜுலு நடித்தார். 1997ல் நாகார்ஜுனாவின் 'அன்னமய்யா', 2006ல் 'ஸ்ரீ ராமதாசு'. நாகையாவின் சொத்தைக் கரைத்த அதே ராமதாசர் கதை, 42 வருடம் கழித்து வேறு ஒருவருக்குப் பெரிய வெற்றியாக அமைந்தது.

இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 வருடம். அந்தக் கணக்கில் 'தியாகய்யா' 2007லேயே பொதுவுடைமை ஆகிவிட்டது. 'ராமதாசு'வும் 2025ல் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எந்தப் படத்துக்காக அவர் தன் கடைசிச் சேமிப்பையும் வைத்து ஆடினாரோ, அது இப்போது யாருக்கும் சொந்தமில்லை. எல்லோருக்கும் சொந்தம். ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் போதும், நீங்களும் பார்க்கலாம்.